ரப்பர் வட்டு

வியாழன், இரவு

தேய்ப்புச் சக்கரத்தோடு ரோபோ கை தகட்டைத் தொட்டதும் துள்ளிக்கொண்டே இருந்தது. மெல்லத் தொடவைக்க நான் பல நாளாகக் கையேட்டைப் படித்து, ரோபோவில் பதிந்த எண்களை மாற்றிப் பார்த்தேன். இன்று என்னோடு வேலை செய்யும் சின்னவள் நித்யா சக்கரத்தின் பின்னால் ஒரு ரப்பர் வட்டை வைத்தாள். துள்ளல் நின்றுவிட்டது.

"இன்னா நித்யா, கலக்கிட்ட!" என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பி, "நீ இன்னும் படிச்சிக்கினே இரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளை வாடிக்கையாளர் முன் அவள்தான் ஓட்டிக் காட்டுகிறாள். புது உற்பத்தி லைனின் பொறுப்பும் அவளுக்கே போகும். ஆனால் ரப்பர் சேர்ந்ததால் கூடிய எடையை அவள் ரோபோவில் பதியவில்லை. தட்டையான தகட்டில் அது தெரியவில்லை. நாளை வளைந்த வார்ப்புப் பாகத்தில் ரோபோ கை சாயும்போது அழுத்தம் கூடி அதில் பள்ளம் விழும். கவனித்தேன், சொல்லவில்லை. வேலை முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் என் தோளில் சாய்ந்தே தூங்கி வந்தாள். அப்போதும் சொல்லவில்லை.

சற்று முன் அவளிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, நாளைக்கு என் பக்கத்துலயே நில்லு. பயமா கீது."

"காலைல மொதல்ல ரோபோல எடையை மாத்து" என்று எழுதி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினேன். உடனே படித்துவிட்டாள்.

இனி எல்லாம் சரியாக ஓடும். அவளுக்குக் கைதட்டுவார்கள். பக்கத்திலேயே நின்று நானும் தட்ட வேண்டும்.