பதினெட்டு நாள் தண்ணீர்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. கால் வீக்கம் குறைந்ததா? எனக்குச் சளி தவிர வேறு தொந்தரவு இல்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்று இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அணையில் நாற்பது நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது, பயப்படாமல் உன் ஊரிலேயே பிரசவத்தை வைத்துக்கொள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது தப்பு.

தினமும் அளவுகோலில் எத்தனை அடி என்று பார்த்து, அட்டவணையில் அதற்கு நேரே உள்ள கொள்ளளவை ஏட்டில் எழுதுவதுதான் என் வேலை. அட்டவணை அணை கட்டிய காலத்தில் போட்டது. போன திங்கட்கிழமை மதகுக்கு எண்ணெய் போடுகிறவர் படகிலிருந்து ஸ்பேனரைத் தவறவிட்டார். மூங்கிலை விட்டுத் துழாவினோம். பதினான்கு அடி ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறடியிலேயே சேறு தட்டியது. மனசு கேட்காமல் இன்னும் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்த்தேன். எங்கேயும் அதே கதைதான். பதினோரு வருஷமாகச் சேற்றையும் தண்ணீராக எழுதி வந்திருக்கிறேன், முட்டாள். மிச்சம் இருப்பது பதினெட்டு நாளுக்குத்தான்.

இன்ஜினீயரிடம் ஓடினேன். அட்டவணைப்படியே எழுது, மழை வந்தால் சரியாகிவிடும், ஊரைக் கிளப்பிவிடாதே என்றார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருக்கிறது, வானத்தைப் பார்த்தபடியே டீ குடிக்கிறார்.

குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது உன் தெரு. வரத்து குறைந்தால் முதலில் நிற்பது உங்களுக்குத்தான். ஆஸ்பத்திரிக்கும் அதே குழாய். உடனே மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குப் புறப்படு. அந்த ஊருக்கு வேறு அணைத் தண்ணீர். நாத்தனாரும் நீயும் ஒரு மிக்ஸிக்காக இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தெரியும். அந்த ரோஷத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வை. நேரில் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டேன். வரட்டும் என்று விறைப்பாகத்தான் சொன்னார். நான் கிளம்புவதற்குள் உனக்காக முன்னறையை ஒழிக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை ஏட்டில் உண்மையான அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரிக்கும் நகல் அனுப்பிவிட்டேன். வேலை இருக்குமோ, போகுமோ. உன்னை மட்டும் கிளப்பிவிட்டு மற்றவர்களைக் காலிக் குடத்தோடு நிற்கவிட மனம் வரவில்லை. கிளம்பும் முன் தெருவில் எல்லோருக்கும் சொல். நம்பாதவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நீ மறுபேச்சுப் பேசியதில்லை. அதனால்தானே நாற்பது நாளையும் நம்பினாய். இன்னும் ஒரே ஒரு தடவை என்னை நம்பு அம்மா. இரண்டு உயிரும் நல்லபடியாகப் பிழைத்து வரவேண்டும்.

உன் அண்ணன்