ஆறாம் பாரம்

மே 19, திங்கள்

வெட்டி வந்த புத்தக அடுக்கின் ஓரத்தில், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு வெள்ளைக் கோடு. மற்ற தாளெல்லாம் மங்கல். வெயிலில் கண் கூசுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். (உள்ளே வெளியைவிட மோசம். அச்சான தாளைப் பதினாறு பக்கமாக மடித்த பாரம் பறக்கும் என்று பைண்டிங்கில் மின்விசிறி போட விடமாட்டார்கள்.)

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் கிராமர் வினா வங்கி. வெள்ளையாகத் தெரிந்தது ஆறாம் பாரம். பதினாறு பக்கமும் விடைகள். விரித்தேன். பதினான்காம் பயிற்சி, வினை ஒருமையா பன்மையா என்று கோடிட்ட இடம் நிரப்புவது. முதல் கேள்வி ‘ஈச் ஆஃப் த கேர்ள்ஸ்’. ‘ஹேஸ்’ வர வேண்டும். விடையில் ‘வேர்’. அடுத்தது ‘த நியூஸ்’. ‘இஸ்’ வர வேண்டும். ‘ஹேவ்’ என்று இருக்கிறது. பத்தில் எட்டு தப்பு.

அச்சுப்பிழை என்றால் ஒன்றிரண்டு இருக்கும். பக்கத்து மேசையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ஓடுகிறது. அதிலும் ஆறாம் பாரம் விடைகள்தான். யாரும் பார்க்காதபோது ஒன்றை எடுத்து ஒப்பிட்டேன். அதே பக்கம்.

பாரம் சேர்க்கும்போது யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. முதுகில் சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். ஒன்று முதல் ஆறு வரை படி இறங்குகிற மாதிரி வந்தால் சரி. ஒன்பதின் ஆறும் பத்தின் ஆறும் நிற்பது ஒரே படியில்.

சனிக்கிழமை, பாரம் அடுக்கி வைக்கிற அக்கா இருக்கன்குடிக்கு மொட்டை போடப் போயிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் மேசையில் அடுக்கியது நான்.

மே 20, செவ்வாய்

செருப்பு வார் அறுந்தது. ஊக்கு. சோப்பு வாங்க வேண்டும். அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு மேசையில் ஆறாம் பாரம் தீர்ந்துபோனது, மற்ற ஐந்தும் மிச்சம். சூப்பர்வைசர் அண்ணாச்சி நேரே மடிப்பு மெஷினுக்குப் போனார். மெஷின் ஜெபா அக்காவுடையது. என் தெருதான். பள்ளியை விட்ட பிறகு என்னை இங்கே கூட்டிவந்து சேர்த்ததும் அவள்தான்.

“எங்க போச்சு நானூறு பாரம்? கிழிஞ்சுச்சுன்னு வேஸ்ட்ல தள்ளிட்டியா?”

“எண்ணித்தான் அனுப்புனேன் அண்ணாச்சி. சீட்டைப் பாருங்க.”

“சீட்டு பாரத்தைக் கொண்டாந்து தருமா?”

எல்லோரும் வேலை செய்வதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும். பத்தாம் வகுப்பின் ஆறாம் பாரம் நானூறு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கூடுதலாக அச்சடித்தது என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். வேஸ்ட் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதுவே கூச்சம். பத்தாம் வகுப்பில் டெஸ்ட் வாய்மொழியாக வைத்தார்கள். ‘நைதர் ஆஃப் த பாய்ஸ்’. விடை தெரியும். எழுந்து நின்றேன், சத்தம் வரவில்லை. டீச்சர் முட்டை போட்டார். அந்த மாதமே அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, வீட்டோடு நின்றேன். பிறகு போகவில்லை.

தாளில் படித்துச் சேர்த்தது:
ஈச், எவ்ரி, எவ்ரிபடி, ஈதர், நைதர். எல்லாம் ஒருமை.
நியூஸ், மேத்தமேட்டிக்ஸ். கடைசியில் எஸ் இருந்தாலும் ஒருமை.
‘எ பாக்ஸ் ஆஃப் கிராக்கர்ஸ்’. பெட்டி ஒன்று. வெடியை எண்ணக் கூடாது.
பக்கத்தில் நிற்கும் பன்மையைப் பார்த்து ஏமாறாதே. தலைச்சொல் எது என்று தேடு.

இதையெல்லாம் தனியாக இருக்கும்போது நன்றாகச் சொல்கிறேன்.

மாலை. அம்மா பட்டாசு கம்பெனியிலிருந்து வந்து கை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ரேகைக்குள் அலுமினியப் பவுடர் அப்படியே.

“என்ன தாயி, சோறு இறங்கல?”

சொல்லிவிட்டேன். அம்மா என் தட்டை மூடி வைத்தாள்.

“ஜெபாவுக்கு அங்கன இங்கன வேல கெடைக்கும். உனக்கு? அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. இதுவும் போச்சுன்னா உங்கப்பா என்கூட பட்டாசு கம்பெனிக்குத்தான் அனுப்புவாரு. நீயாவது காயிதத்துல இருன்னுதான இம்புட்டுப் பாடு?”

பிறகு, “அவுகளா கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும். நீ வாயத் தொறக்காத.”

மே 21, புதன்

புழுக்கம். ஆனைக்குட்டம் பக்கம் மேகம் கூடிக் கலைந்தது.

பேசத்தானே வராது, எழுதலாம் என்று தோன்றியது. வேஸ்ட் தாளின் பின்பக்கம் எழுதினேன். ‘அண்ணாச்சிக்கு வணக்கம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒன்பதாம் வகுப்பு விடை சேர்ந்துள்ளது. ஜெபா அக்கா மேல் தப்பு இல்லை.’ என் பெயர் போடவில்லை. கோழை. பதினோரு மணிக்கு அவர் வெளியே போனபோது மேசையில் வைத்தேன்.

டீயோடு வந்தார். தாளை எடுத்தார். அதில் வடையை வைத்து அமுக்கி எண்ணெய் பிழிந்தார், கசக்கி எறிந்தார். பைண்டிங்கில் தாள் என்றால் அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு ஜெபா அக்காவைக் கூப்பிட்டார்.

“நாளையோட நின்னுக்க. மொதலாளி சொல்லிட்டாரு.”

“ஏழு வருசம் அண்ணாச்சி. ஒரு பாரம் தொலைச்சுருக்கேனா?”

“ஒரு பாரமா தொலைஞ்சுருக்கு? நானூறு!”

பஸ்ஸில் அக்கா ஆமத்தூர் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். இறங்கும்போது என்னிடம், “மல்லி வாங்க மறந்துட்டேம்பா” என்றாள். அவ்வளவுதான்.

நாளை மாலை ஆறு மணிக்கு மதுரை லோடு. புத்தகம் போய்விட்டால் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. பள்ளி திறந்ததும் எவளாவது தன் சரியான விடையை அடித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துத் தப்பாக எழுதிக்கொள்வாள்.

மே 22, வியாழன்

அம்மா சோற்று டப்பாவைக் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணாச்சி போனில், லாரிக்காரரிடம். முடிக்கும்வரை நின்றேன்.

“என்ன?”

“ஆறாம் பாரம்…”

“கெடச்சுருச்சா?”

“உள்ள இருக்கு.”

“சத்தமாச் சொல்லு புள்ள. வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?”

மேசையில் சிரிப்பு. “ஊமச்சி பேசுதுடி, மழை வரும்” என்று ஒருத்தி.

“பத்தாம் வகுப்பு புத்தகத்துக்குள்ள இருக்கு. நான்தான் மாத்தி வச்சேன். சனிக்கிழம.”

சிரிப்பு நின்றது. அண்ணாச்சி ஒரு புத்தகத்தைப் புரட்டினார், அட்டையைப் பிரித்து முதுகைப் பார்த்தார்.

“ஆறு ஆறாத்தான இருக்கு? எதை வச்சுச் சொல்ற?”

“விடை தப்பு. படிச்சேன்.”

“படிச்சியா? நீயா?” புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “எங்க, வாசி. எல்லாரும் கேக்கட்டும்.”

கேள்வியைப் படித்தேன். பின்னால் புரட்டி விடையைப் படித்தேன். ‘ஈச் ஆஃப் த கேர்ள்ஸ் வேர் எ பேக்.’ குரல் கீச்சென்று வந்தது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். மடிப்பு மெஷினை நிறுத்திவிட்டு ஜெபா அக்கா, “சிரிக்காதீக. அவ வாசிக்கட்டும்” என்றாள். இரண்டாவது. மூன்றாவது. சரியான விடை என்ன என்றும் சொன்னேன். ஐந்தாவதில் அண்ணாச்சி கையைக் காட்டினார்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. எழுத்தை எழுத்தாக, விரல் வைத்து ஒப்பிட்டார். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது.

“மிச்ச பாரம்?”

“டிரம்முக்குப் பின்னால.”

“எல்லாம் பண்டல் போட்டாச்சேடி பாவி.” கடிகாரத்தைப் பார்த்தார். “முதுகைக் கிழிச்சு மறுபடி ஒட்டணும். ஆறு மணிக்குள்ள. ஜெபா, நீ மெஷினை விட்டுட்டு பசையக் காச்சு.” என் பக்கம் திரும்பி, “உன் சங்கதிய மொதலாளி வரட்டும், பேசிக்கிறேன்.”

பண்டல்கள் சுவர் உயரத்துக்கு நின்றன. எதில் சனிக்கிழமை அடுக்கிய புத்தகம் இருக்கிறது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். மேல் பண்டலை இறக்கிப் பழுப்புத் தாளைக் கிழித்தேன்.