மருந்தே படாத வம்சம்

16.2.95, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள்கூட என் பக்கத்து இடத்தில் உட்காரவில்லை. மடியில் கண்ணாடி ஜாடி, வாயில் மல் துணி, உள்ளே சாந்தோம் குப்பத்து ஈக்கள். “ஆராய்ச்சிக்கு” என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு முன்னால் நகர்ந்துகொண்டார்.

ஜாடியை நிரப்பும்போது, மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: “மருந்து அடிச்சா செத்தா மாரி வியுது மேடம். அப்பால எய்ந்து பறக்குது. தண்ணி கலந்துக்கினு வந்து அடிக்கிறாங்கோ.”

20.2.95

குப்பத்தில் மருந்து தெளிக்கும் கபாலி இன்று ஆய்வுக்கூட வாசலில் நின்றிருந்தார். தண்ணீர் கலந்துவிட்டார் என்று கான்ட்ராக்டர் வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம்.

“அளவுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி ஊத்தல மேடம். எம் பொண்டாட்டிகூட நம்ப மாட்டேன்றா.”

அவர் தெளித்த அதே மருந்து டின்னில் மிச்சம் இருக்கிறது. குப்பத்து ஈயை மட்டும் சோதித்து அது பிழைத்தால், மருந்தில்தான் கோளாறு என்பார்கள். என் ஈக்களும் வேண்டும். பல வருடமாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் வம்சம், எந்த மருந்தும் பட்டதில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து. என்னுடையவை செத்து அவை பிழைத்தால், மருந்து சரி, மாறியது ஈதான். ஒவ்வொரு தடவையும் தப்பித்தவை மட்டும் முட்டை வைத்து, பிள்ளைகளும் தப்பித்து... இதைச் சொன்னால் கபாலிக்கு வேலை கிடைக்கும். கிடைக்குமா?

25.2.95

கூடத்தில் யாரும் இல்லை. நோன்பு திறக்க எனக்கு இரண்டு பேரீச்சம்பழம். கூண்டுக்குள் பால்பவுடரும் சர்க்கரையும் வைத்தேன். எல்லோரும் சேர்ந்தே சாப்பிட்டோம்.

4.3.95, சனி

பெருநாளுக்கு வாணியம்பாடி போயிருந்தேன், தங்கை வீட்டுக்கு. அம்மி போன பிறகு முதல் பெருநாள், அம்மா இல்லாத வீட்டில் தனியாகச் சேமியா கிண்டப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு நாள் லீவு.

வந்து பார்த்தால் அறையெல்லாம் நெடி. வரப்போகும் இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் கரப்பான் மருந்து அடித்தார்களாம், ‘உள்ள பூச்சிதானே மேடம் இருந்துச்சு’ என்கிறான் வாட்ச்மேன். ஆமாம்ப்பா, பூச்சிதான்! கூண்டுத் தரை முழுக்க ஈ. ஒன்றுகூட அசையவில்லை. புழுத் தட்டுகளிலும் அடித்திருக்கிறார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வேன்? ஈ செத்துப்போச்சு என்று அழுதால் சிரிக்க மாட்டார்களா?

8.3.95

மிச்சமிருந்த கூட்டுப்புழுக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்திருந்தேன். கொஞ்சம் வெளிவந்தன. சிறகு விரியவில்லை. மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

9.3.95

இந்த வம்சம் இன்னும் ஓரிடத்தில் இருக்கலாம். கோயமுத்தூரில், சந்திரமௌலியிடம்.

எனக்குப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். பூச்சிமருந்துக் கம்பெனிக்குப் போகும்போது ஒரு ஜாடி கூட்டுப்புழு கொண்டுபோனார். குப்பத்தில் அடிப்பது அந்தக் கம்பெனி மருந்துதான். “ஈயோட குடித்தனம் நடத்திண்டே இரு” என்றார் கடைசி நாளில். அப்புறம் பேச்சில்லை. அம்மி மௌத்தான செய்தியை எழுதினேன், பதிலில்லை.

கேட்கமாட்டேன்.

11.3.95

கச்சேரி ரோடு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கேட்டுவிட்டேன்.

“கமர், நீயா?” மீட்டர் ஓடியது. கபாலி விஷயத்தைச் சொன்னேன்.

“தண்ணி கலந்தான்னு இருந்தா எங்க கம்பெனிக்குச் சௌகரியம். தெரியுமோல்லியோ?”

“தெரியும் மௌலி. அதனாலதான் கேக்கக் கூச்சமா இருக்கு.”

“வம்சம் இருக்கு. வச்சுண்டிருக்கேன்” என்றார். போனை வைத்துவிட்டார். தருகிறேன் என்று சொல்லவில்லை.

14.3.95, செவ்வாய்

வந்துவிட்டார். கோவை ரயிலில் விடியற்காலை இறங்கி நேராக அடையாறு ஆய்வுக்கூடத்துக்கு. தலை முழுக்க நரைத்திருக்கிறது. கையில் சாப்பாட்டுக் கேரியர், மேல் அடுக்கில் இட்லி, கீழடுக்கில் தவிட்டுக்குள் கூட்டுப்புழு.

“லீவ் போட்டுட்டு வந்திருக்கேன். எதுக்குன்னு சொல்லல.”

“ஈ எங்கேயிருந்து வந்ததுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே.”

கேரியரைத் திறந்தார். “எழுது. என் பேரையே போடு.” அப்புறம், “அம்மா போனதுக்கு நான் ஒரு வரி எழுதியிருக்கணும். என்ன எழுதறதுன்னு தெரியல கமர்.”

இட்லியை அங்கேயே சாப்பிட்டோம்.

12.4.95

முட்டை, புழு, கூடு, ஈ என்று ஒரு சுற்று வளர்த்தாயிற்று. நேற்று சோதனை. கபாலியின் டின் மருந்து. கோவை ஈக்கள் எல்லாம் செத்தன. குப்பத்தில் புதிதாகப் பிடித்துவந்த ஈக்களும் மல்லாந்து விழுந்தன; இன்று காலை வந்து பார்க்கிறேன், பெரும்பாலானவை சுவரில் நடக்கின்றன. மறுபடி செய்தேன். அதேதான்.

மருந்து சரி. கபாலி சரி.

3.5.95

கான்ட்ராக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, “அப்ப டபுளா அடிக்கலாமா?” என்றார். தப்பிப்பவை இன்னும் வலுத்த வம்சமாகும் என்று விளக்கினேன். அரைமனதாகத்தான் கேட்டார். குப்பத்தில் இப்போது தெளிப்பு இல்லை. புழு ஈயாகும் முன்பே மீன் கழிவை அள்ளிவிட வேண்டும். அள்ளும் வேலை கபாலிக்கு.

“மருந்து டின்னு வெயிட்டு கம்மி மேடம், இது நாறுது” என்று சிரித்தார். ஈ இருக்கிறது. முன்பு போல் மொய்க்கவில்லை என்கிறார்கள்.

மௌலியைச் சோதனைக்கூடத்திலிருந்து மாற்றி கோடவுனில் போட்டுவிட்டார்களாம். அவர் சொல்லவில்லை, கம்பெனிக்குப் போன் செய்தபோது வேறொருவர் சொன்னார். கோடவுன் நம்பரை வாங்கிக்கொண்டேன். என்னவென்று பேசுவது?

21.5.95, ஞாயிறு

கூண்டுக்குப் பால்பவுடர் வைத்துவிட்டுத் திரும்பும்போது, பூத் திறந்திருந்தது. மௌலி ஞாயிற்றுக்கிழமையும் கோடவுனில்தான் இருந்தார்.

“என்ன கமர், மறுபடி ஈ செத்துடுத்தா?”

“இல்ல, நல்லா இருக்கு. சும்மாதான் பண்ணேன்.”

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

“சரி, சொல்லு” என்றார்.