ரூபேந்திரன் மகனுக்குக் கிடைத்த பெயர்

மாசாய், ஜொகூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி யுகேந்திரன், நான் மூவரும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்துவாள், சொல்லப் போகிற கதையில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்ச வேண்டுமே. போன மாதம் நீ, தம்பியைச் சிறப்பு வகுப்பில் சேர்க்கக் கையெழுத்துப் போடுங்கள், இந்த வருடம் விட்டால் இடம் போய்விடும் என்று சொன்னபோது நான் போனை வைத்துவிட்டேன். கோபம் உன்மேல் இல்லை. டாக்டர்கள் அவனுக்கு வைத்த பெயர்மேல்.

முதலில் அவர்கள் சொன்னது ‘வளர்ச்சித் தாமதம்’. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. தாமதம் என்றால் பாசிர் கூடாங் பஸ் மாதிரி, நேரத்துக்கு வராது, ஆனால் வரும். நானும் நிம்மதியாக நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயது முடிந்ததும் ஆஸ்பத்திரியில் மறுபடியும் சோதித்துப் பார்த்து, அதை எடுத்துவிட்டு ‘அறிவுத்திறன் குறைபாடு’ என்று மாற்றினார்கள். அதே வாரம் பக்கத்து வீட்டு ரூபேந்திரன் மகன் தனேஷுக்கு ‘ஆட்டிசம்’ என்று வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருந்தது. ரூபேந்திரன் புதுக் கார் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. கோவிலில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வரிசையில் யாராவது விசாரித்தால் ரூபேந்திரன் ஆட்டிசம் என்பான். உடனே எல்லோரும், அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உள்ளே பெரிய மூளை, ஒருநாள் பாருங்கள் என்பார்கள். தனேஷும் சும்மா இருக்க மாட்டான், பஸ் எண்களை எல்லாம் ஒப்பிப்பான். அடுத்து என் பக்கம் திரும்புவார்கள். நான் தம்பிக்கு வந்த பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். பரிமாறுகிற வெள்ளையம்மா அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைப்பார். அவன் மகனுக்கு மூளை, என் மகனுக்குப் பொங்கல். அதையும் தின்றுவிட்டுத்தான் வருவேன், அது வேறு விஷயம். பிறகு பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டு, இன்னும் டெஸ்ட் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. தனேஷ் என்னென்ன செய்கிறான் என்று பார்த்துவைத்துக்கொண்டு வந்து தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே, யார் முகத்தையும் பார்க்காதே. ஜொகூர் பாருவில் டாக்டர் சுபத்திராவின் கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் நல்ல பெயராக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைப்பு. இன்னொரு டாக்டரையும் பார்ப்போம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன், ஒத்திகையைச் சொல்லவில்லை. பகலெல்லாம் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வந்து, அவள் சமையலில் இருக்கும் நேரம் பார்த்துத் தினமும் நடத்தினேன். பள்ளி மேடையில் மரமாகக்கூட நின்றதில்லை, ஒரேயடியாக டைரக்டர் ஆகிவிட்டேன்.

அங்கே போனதும் டாக்டர் அவன் பெயரைக் கூப்பிட்டார். தம்பி ஒரே ஓட்டமாக ஓடி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “டாக்டர், சாப்ட்டாச்சா?” என்றான். கையிலிருந்த பொம்மைக் காரையும் அவரிடமே கொடுத்துவிட்டான். அதற்கப்புறம்தான் என் பாடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, “பாக்கக் கூடாது. அப்பா சொன்னாங்க” என்றான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பொறுமையாக எல்லாச் சோதனையும் செய்து, ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பெயரைத்தான் சொன்னார். கிளம்பும்போது மட்டும், பையன் நல்லாத்தான் செஞ்சான் அப்பா, நீங்கதான் கொழப்பிட்டீங்க லா என்றார்.

வீடு திரும்பும் வழியில் பெர்மாஸ் பாலத்துச் சிக்னலில் நின்றோம். பின் சீட்டில் தம்பியோடு இருந்த உன் அம்மா கேட்டாள். “ரெண்டு வாரமா நான் கூப்புட்டா அவன் திரும்பல. காதுல ஏதோ கோளாறுன்னு பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். அது நீங்க சொல்லிக் குடுத்ததா?” சிக்னல் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். நல்ல பெயர் வாங்கப் போய், பெற்றவள் முகத்தைப் பார்க்காதே என்று பிள்ளைக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதையும் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். ‘அ’வும் ‘ஆ’வும் நிற்காத தலையில், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது நின்றிருக்கிறது. அதற்கு முன்னால் எந்த நல்லதையாவது சொல்லிக் கொடுக்க அப்படி உட்கார்ந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். வீடு வரும்வரை யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் தமிழ்ப் பள்ளிக்குப் போனோம். சிறப்பு வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி டீச்சர், பிள்ளைக்கு என்ன என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அறிவுத்திறன் குறைபாடு, டீச்சர்” என்று நானே சொன்னேன். வழக்கம்போலப் பேச்சு நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அவரோ வீட்டு விலாசத்தை எழுதுவது போல எழுதிக்கொண்டு, தானாகச் சாப்பிடுவானா, டாய்லெட் வந்தால் சொல்வானா, எதைக் கண்டால் பயப்படுவான் என்று கேட்டுக்கொண்டே போனார். கையெழுத்துப் போட்டுவிட்டேன் மகளே. ஜனவரியில் சேர்கிறான்.

இத்தோடு அப்பா திருந்திவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதே. வெளியே வரும்போது அந்த வகுப்பு வாசலில் தம்பி உயரத்தில் ஒரு பையன் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பிள்ளை, யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று நான் எட்டி எட்டிப் பார்க்க, உன் அம்மா என் கையைக் கிள்ளி இழுத்து வந்தாள். ஆனால் இந்தப் பொறாமையை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் போலிருக்கிறது. வேலை விட்டு வந்ததும் நானும் தம்பியும் என் பழைய யூனிபோர்ம் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நேற்று ஒரு பொத்தான் நுழைந்தது. தவறான ஓட்டையில்தான், ஆனாலும் நுழைந்தது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் தூங்கிவிடாதே. அங்கே பெரிய பொத்தான் வைத்த சட்டை கிடைத்தால் தம்பி அளவுக்கு ஒன்று அனுப்ப மறக்காதே. அவன் விரலுக்காக இல்லை, சொல்லிக் கொடுக்கிற என் தடித்த விரலுக்காக. நீ எடுத்து வைக்கும் அடியெல்லாம் நல்லபடியாக அமைய அம்மாவும் நானும் ஆசி சொல்கிறோம்.

இப்படிக்கு,
மாசாயில் இருக்கும் பெரிய மாணவன்,
உன் அப்பா அர்ச்சுனன்