அம்மை போட்ட வீட்டில் நின்றுபோன மாத்திரை

என் உயிரான சரசக்கா,

உன்னை அம்மை கொண்டுபோகவில்லையாம். இன்று காலை பீளமேட்டில் உன் டாக்டரம்மா சொன்னார்.

நீ போன செய்தியைச் சொல்லத்தான் போனேன். உன் தலைக்குள் இருந்த கட்டியை எடுத்து, கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, உன்னைப் பிழைக்கவைத்த ஆஸ்பத்திரி அல்லவா? அம்மை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "தினமும் போடற அந்த மாத்திரை?" என்றார்.

"அம்மை போட்டா எங்கூட்ல ஒரு மாத்திரையும் தொட மாட்டோமுங்க. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் எல்லாம் நிறுத்திருவோமுங்க."

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கட்டிக்கு வைத்த கரண்டில், வருஷங்கள் கழித்துத் தலைக்குள்ளிருக்கும் சுரப்பி ஓய்ந்துபோனதாம். நோய் வந்தால் உடம்பு தாங்குவதற்குச் சுரக்க வேண்டியது உனக்குச் சுரக்காதாம். அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. "காய்ச்சல் வந்தா கூட்டிப் போடணும்னு அவங்ககிட்டச் சொல்லியிருந்தேனுங்களே. நிறுத்தவே கூடாதுங்க" என்றார்.

அவ்வளவு பெரிய கட்டியிலிருந்து தப்பி வந்தவள், ஒரு மாத்திரை இல்லாமலா போனாய்? உனக்குத்தான் தெரியுமே அக்கா, வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? திருப்பூரில் கிடந்த எனக்கு, கம்பெனிக்குப் போன் வந்தபோதுதானே எல்லாமே தெரிந்தது?

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே பெரியநாயக்கன்பாளையம் வந்து இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா வேப்பிலை மேல் படுத்திருக்கிறாள். உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் அவளுக்கும் அம்மை. சர்க்கரை மாத்திரை டப்பா பரண் மேல் ஏறிவிட்டது.

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் மாத்திரையைத் தொட மாட்டாள். நான் என்ன செய்வேன்? உன் பேரில் ஒரு பொய் சொன்னேன்.

"அக்கா கனவுல வந்தாளுங்கம்மா. உங்களைச் சர்க்கரை மாத்திரை போடச் சொன்னாளுங்க."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "என்ற புள்ள சரசு சொன்னாளா?"

மறுபேச்சில்லாமல் வாங்கி விழுங்கினாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அவளும் கேட்டா கண்ணு. 'அந்த ஒண்ணு மட்டும் குடுங்கம்மா'ன்னு கேட்டா. ஆத்தா கோவிச்சுக்குவான்னு நாந்தான் குடுக்கல. குடுத்திருந்தா இருந்திருப்பாளா?"

நீ கேட்டிருக்கிறாய் அக்கா. கேட்டிருக்கிறாய்.

டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அம்மா எழுந்து நடமாடும்வரை வேளை தவறாமல் அவளுக்கு மாத்திரை கொடுப்பேன். அதற்கப்புறம் அவள் மறுபடியும் கேட்டால், உன் பேரில் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்வேன், சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நீ கேட்ட நேரத்தில் பக்கத்தில் இல்லாத உன் தங்கச்சி,
ராஜி