பதிமூணாவது சீட்டு

அம்மாவுக்கு சிஹாரு வணக்கத்தோட எழுதுறது. ஒசாகாவில் நான் நல்லா இருக்கேன். அங்கே பனி உருகிடுச்சா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?

புது மென்பொருளில் என்னென்ன வேணும்னு மருந்துக் கிடங்குக்காரங்ககிட்ட கேட்டு எழுதுறதுதான் இந்த மாசம் என் வேலை. கூட்டம் போட்டேன். பன்னிரண்டு பேரும் வாயைத் திறக்காம மேலாளர் குரோகி முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. முதுகெலும்பை வீட்டிலேயே கழற்றி வெச்சுட்டு வர்ற ஜன்மங்க! சரி, பேர் போடாம சீட்டில் எழுதுங்கன்னேன். எல்லாத்திலும் ஒரே வரி: "மேலாளர் கருத்தே என் கருத்து." எண்ணினா பதிமூணு சீட்டு. குரோகியும் ஒண்ணு போட்டிருக்கார். அதிலும் அதே வரிதான்!

வெளியே சிகரெட் பிடிக்கிற இடத்தில் அவங்கள்ல ஒருத்தர், "கையால நிரப்புற அந்தப் பழைய படிவத்தை ஒழிச்சாலே போதும்மா"ன்னு முனகினார்.

"அதை எழுதியிருக்கலாமே?"

"ஐயையோ, எழுதுறதா!"

தூ!

போன கடிதத்தில் என்ன வேணும்னு கேட்டிருந்தே. ஒண்ணும் வேணாம்னு எழுதினேன். நானும் அந்த ரகம்தான். இப்ப உண்மையை எழுதுறேன்: புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய், ரெண்டு ஜோடி கம்பளிக் காலுறை. முழங்கால் இடம் கொடுத்தா, தபாலில் போடாம நீயே எடுத்துக்கிட்டு வா.

வேலைக்குப் போற ரயிலுக்கு நேரமாச்சு.

சிஹாரு