உன் அம்மாவுக்குத் தைத்த தலையணைகள்

குந்தாரப்பள்ளி,
துர்முகி வருஷம், கார்த்திகை மாதம்.

சௌபாக்கியவதி காவேரிக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேடியப்பன் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உன் அம்மா சொன்னாள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஆரம்பித்த இழுப்பு அவளை இன்னும் விடவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. வண்டி கட்டி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மருந்து கொடுத்து, படுக்க விடாதே, முதுகுக்கும் கைக்கும் அண்டை கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்க வை என்றார். கையைத் தலைக்கு வைத்துப் படுக்கிற நம் வீட்டில் தலையணை ஏது. கேழ்வரகுச் சாக்கைச் சுருட்டி வைத்தேன், சணல் குத்தி முதுகெல்லாம் தடித்துவிட்டது. பஞ்சுத் தலையணை வாங்கலாம் என்றால் கதிரெல்லாம் மழையில் சாய்ந்து கிடக்கிற வருஷம் இது. அதனால் பரணிலிருந்து பழந்துணி மூட்டையை இறக்கினேன். என் கிழிந்த வேட்டிகள், நீ விட்டுப்போன பாவாடைகள், ஓரம் நைந்த ஜமக்காளம் எல்லாம் இருந்தன. ஜமக்காளத்தை உறைக்கு வைத்துக்கொண்டு மற்றதை உள்ளே திணித்துத் தைத்தேன். கோணி ஊசி தவிர வேறு பிடித்துப் பழகாத கை, தையல் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். சாய்ந்து பார்த்தவள், "இதுக்குப் பேரு தலகாணியா, கல்லாட்டம் இருக்குது" என்று சிரிக்கப்போய் இருமலில் துவண்டுவிட்டாள். பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் கெம்பம்மா அதைப் பார்த்துவிட்டு, "முழுத்துணியைத் திணிச்சா அப்பிடித்தான் அண்ணா, விரல் அகலத்துக்குக் கிழிச்சு உதறிப் போடு, உறையை உள்பக்கமாத் தெச்சு அப்புறம் திருப்பு" என்றாள். பிரித்து மறுபடி தைத்தேன். காலையில் அறுப்பு, வீட்டுக்கு வந்தால் அடுப்பு, அப்புறம் ஊசி. கண் எரிகிறது, விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. கைக்கு இரண்டும் முழங்காலுக்கு அடியில் ஒன்றும் தைத்ததில் ஜமக்காளம் தீர்ந்தது. முதுகுக்குப் பெரிதாய் ஒன்று வேண்டும், மிச்சத் துணியோ தொட்டாலே கிழிகிறது.

அப்போது அவள் பெட்டியைத் திறந்து தன் கூறைப்புடவையை எடுத்து நீட்டினாள். நான் மாட்டேன் என்றேன். "இதைக் கட்டிக்கினு எந்தக் கல்யாணத்துக்குப் போவப் போறேன், எனக்கு மூச்சு விடணும்" என்றாள். கத்திரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேனே தவிர என்னால் வெட்ட முடியவில்லை. அவளே பிடுங்கி, மூச்சு வாங்க வாங்க நடுவில் வெட்டினாள். முந்தானையை மட்டும் தனியாக மடித்து, இது காவேரிக்கு என்று பெட்டியில் வைத்துவிட்டாள். வெட்டிய துணியை உறையாக்கி, மிச்சத் துணியைக் கிழித்துத் திணித்து, ராத்திரியே தைத்து முடித்தேன்.

நேற்று மத்தியானம் அந்தத் தலையணையில் சாய்ந்தவள் மாடுகள் திரும்பும்வரை தூங்கினாள். நான் களத்துக்குப் போகாமல் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் ஆறுதல். இழுப்பு குறைந்தது என்று சொல்வதற்கில்லை.

நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நம் பக்கத்து மனிதர் யாராவது வரும்போது சேர்ந்து புறப்பட்டு வா. புதிதாக எதுவும் வாங்காதே, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவை இருந்தால் கொண்டு வா. வேடியப்பன் உங்களைக் காக்கட்டும், குழந்தை நூறு வயது இருக்கட்டும்.

என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள். கேழ்வரகு அறுப்பைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் அம்மாவிடம், பார்க்க வேண்டும் போலிருந்தது, நானாகத்தான் வந்தேன் என்று சொல். மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாதப்பன்